பதினெட்டுப் பாகை

உங்கட தலைக்கு மேல இருந்த காத்துத் துவாரத்தை நான்தான் மூடிவிட்டனான், பிள்ளை. நீங்கள் நல்ல நித்திரை. குளிர்காத்து நேர நெத்தியில அடிச்சுக்கொண்டிருந்தது. தடிமன் பிடிச்சிடும். பையைத் தேடாதேங்கோ, அதைத் தூக்கி மேல தட்டில வைச்சிட்டன். காலுக்கை கிடந்தால் காலை நீட்டேலாது. என்ன, முகத்தைப் பாத்தால் கோபம் போல கிடக்கு? நல்லதுக்குத்தான் செய்தனான். பிறகு நீங்களே சொல்லுவியள்.

நீங்கள் ரெலிபோனில கதைச்சதைக் கேட்டுத்தான் தமிழ் எண்டு தெரிஞ்சது. மொன்றியலுக்கோ? நானும் மொன்றியல்தான். முப்பத்தினாலு வருசம். பேர் தவநாயகம். தவம் எண்டால் பழைய ஆக்களுக்குத் தெரியும். பழைய ஆக்கள் இப்ப எங்க, எல்லாரும் ரொறன்ரோவுக்குப் போட்டினம்.

நான் ரொறன்ரோவில ஒருத்தனைப் பாத்திட்டு வாறன். ஆரெண்டு நீங்கள் கேக்கேல்லைத்தான். ஆனால் இன்னும் அஞ்சு மணித்தியால பஸ் ஓட்டம் கிடக்கு, புத்தகமும் நீங்கள் கொண்டுவரேல்லை, உங்கட பையில பாத்தனான். திறந்து பாக்கேல்லை பிள்ளை, தூக்கேக்கை தெரிஞ்சது.

அவன்ர பேர் குகதாசன். மயிலிட்டிப் பெடியன். பெடியன் எண்டால், இப்ப அறுபது வயசு. முப்பத்திமூண்டு வருசமா அவன் என்னோட கதைக்கிறேல்லை. நான் அவனுக்கு ஒரு தீமையும் செய்யேல்லை. நன்மைதான் செய்தனான். நடந்ததைச் சொல்லுறன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ.

நாங்கள் வந்த புதுசில ஒரு அறையில ஆறு பேர். அதில அவனுக்கும் எனக்கும் ஒரு மெத்தை. அவனுக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. நான் எழும்பிப் போக அவன் வந்து படுப்பான். நாலு மாதம் ஒரே மெத்தையில ஆளை ஆள் காணாமல் படுத்தெழும்பினம். ஞாயிற்றுக்கிழமையளில மட்டும் சந்திப்பம். அவன் மீன்குழம்பு வைப்பான், நான் அவனுக்கு வாற கடிதங்களை வாசிச்சு விளங்கப்படுத்துவன். அவன் அஞ்சாம் வகுப்போட கடலுக்குப் போனவன். நான் ஊரில நில அளவைக் கந்தோரில ஒன்பது வருசம் படம் கீறினனான். காணிப் படம், றோட்டுப் படம், எல்லாம் என்ர கையால கீறினது. வித்தியாசம் இருக்குத்தானே. ஆனால் நான் அதைக் காட்டிக்கொள்ளுறேல்லை.

அவன்தான் ஒரு நாள் வந்து சொன்னவன். "தவம் அண்ணை, வடக்க காட்டில வேலை இருக்காம். சாப்பாடும் படுக்கையும் அவையே தருகினமாம். கோடு வெட்டுற வேலையாம். வாறியளே?"

கோடு வெட்டுறது எண்டால் என்னெண்டு ரெண்டு பேருக்கும் தெரியாது. மொன்றியலில இருந்து வடக்க ஒரு நாள் முழுக்க ஓடி, அங்கால மரம் ஏத்திற லொறியளின்ர றோட்டால இன்னும் அரை நாள். றோட்டு முடியிற இடத்தில காம்ப். காம்ப் எண்டவுடன நீங்கள் வேற ஒண்டும் நினையாதேங்கோ, மூண்டு மரக் கொட்டில், ஒரு குசினி, அவ்வளவுதான். கனிப்பொருள் தேடுற ஒரு கொம்பனி. நிலத்துக்குக் கீழ செம்பு கிடக்கோ எண்டு கருவியால பாக்கிறதுக்கு முதல், காட்டை நேர்க்கோடு நேர்க்கோடாய் வெட்டித் துப்பரவாக்க வேணும். வெள்ளைத்தாளில கோடு அடிக்கிற மாதிரி. தாளுக்குப் பதிலா இடுப்பளவு பனி. பேனைக்குப் பதிலா கோடாலி.

அங்க முதன்முதல் சூரியனைப் பாத்த நாள் எனக்கு நல்ல நினைவு. மத்தியானம் பன்ரெண்டு மணிக்கு மரத்துக்கு மேலால எட்டிப் பாத்திட்டு, மூண்டரைக்குப் போட்டுது. எட்டுப் பேர் ஆறு கிழமையாப் பிரெஞ்சில கதைக்க, நான் மேசையின்ர மூலையில இருந்து தட்டைப் பாத்துச் சாப்பிடுவன். குகன் அப்பிடியில்லை. ரெண்டு கிழமைக்குள்ள அவையளின்ர பகிடிக்குச் சிரிக்கத் தொடங்கிட்டான். மூண்டாம் கிழமை அவன் பகிடி விட அவை சிரிச்சினம். எந்தப் பாசையில விட்டானெண்டு எனக்குத் தெரியாது.

இப்ப ஒரு விசயம் விளங்கப்படுத்த வேணும். கொஞ்சம் கவனமாக் கேளுங்கோ. கொம்பஸ் முள்ளு வடக்கைக் காட்டும் எண்டுதானே பள்ளிக்கூடத்தில படிச்சனீங்கள்? காட்டாது. பூமி சுத்துற அச்சு முடியிற இடம் இருக்கே, அதுதான் உண்மை வடக்கு. படம் கீறுறது அதை வைச்சுத்தான். கொம்பஸ் முள்ளு இழுபடுறது காந்த வடக்குக்கு. அது வேற இடம். எங்கட யாழ்ப்பாணத்தில ரெண்டுக்கும் ரெண்டு மூண்டு பாகைதான் வித்தியாசம். நாலு பரப்பு வளவை அளக்கிறவன் அதுக்கு ஏன் மினைக்கெடப் போறான்? ஆனால் அந்தக் காட்டில பதினெட்டுப் பாகை. முள்ளு மேற்குப் பக்கமாய்ப் பதினெட்டுப் பாகை சரிஞ்சு நிக்கும். சின்ன எண் மாதிரிக் கிடக்குதெல்லோ? நாலு கிலோமீற்றர் நடந்து பாருங்கோ, போகவேண்டிய இடத்துக்கு ஒண்டேகால் கிலோமீற்றர் அங்கால போய் நிப்பியள்.

அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, படத்தில உள்ள எண்ணோட பதினெட்டைக் கூட்டிக் கொம்பஸில வைக்கிறது. படத்தில நேர் மேற்கு இருநூற்றி எழுபது எண்டால், கொம்பஸில இருநூற்றி எண்பத்தெட்டு. மற்றது, சில கொம்பஸில பின்பக்கம் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதை ஒருக்காப் பதினெட்டுக்குத் திருகிவிட்டால், பிறகு ஒண்டும் கூட்டத் தேவையில்லை, படத்து எண்ணை அப்பிடியே வைக்கலாம். ஒண்டில் கூட்டவேணும், இல்லாட்டித் திருகவேணும். ரெண்டையும் செய்தால் பிழைச்சுப் போகும். விளங்குதே? விளங்காட்டிச் சொல்லுங்கோ, கீறிக் காட்டுறன். சரி, விளங்கினால் நல்லது.

குகன் கூட்டுறவன். மேற்பார்வை மர்சேல் எண்டொரு பிரெஞ்சுக்காரர், அவர் தன்னோட கூட்டிக்கொண்டு போய்க் காட்டிப் பழக்கினது. விடிய எழும்பின உடன இடது மணிக்கட்டில பேனையால 18 எண்டு எழுதுவான். அஞ்சாம் வகுப்புக் கணக்கு எல்லோ, மறந்திடுவன் எண்ட பயம். ஒரு நாளும் பிழைக்கேல்லை, அதையும் சொல்லவேணும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில மர்சேல் எழும்பி, நாளைக்குத் தொடக்கம் ரெண்டாவது குழுவுக்குக் கொம்பஸ் பிடிக்கிறது குகன் எண்டு சொன்னார். எல்லாரும் மேசையில தட்டிச்சினம். நான் ஒன்பது வருசம் கந்தோரில இருந்தவன், நான் அங்க கோட்டில நடுற தடி சீவிக் கூராக்கிக்கொண்டிருக்கிறன். கொம்பஸ் அவனுக்கு. எனக்குப் பொறாமை எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. முதல் ஆளா எழும்பிக் கைகுடுத்தது நான்.

பின்னேரம் அவன் உடுப்புத் தோய்க்கப் போட்டான். கொம்பஸ் கட்டிலில கிடந்தது. எடுத்துப் பாத்தன். திருகாணி உள்ள கொம்பஸ்! ஒருத்தரும் அதைத் தொட்டதேயில்லை, பூச்சியத்தில நிக்குது. இவ்வளவு வசதியை வைச்சுக்கொண்டு இந்த விசரன் கையில எழுதிக்கொண்டு திரியிறானே எண்டு எனக்குச் சிரிப்பு. கயித்தில கட்டியிருந்த சின்னத் திறப்பால திருகிவிட்டன். ஒரு நிமிசம் செல்லேல்லை. எடுத்த இடத்தில, எடுத்த மாதிரியே வைச்சிட்டன்.

சொல்லியிருக்கலாம்தான். சொல்லத்தான் இருந்தனான். அவன் வந்தவுடன சீட்டு விளையாட இருந்திட்டான். காலமை சொல்லுவம் எண்டால், விடிய அவையின்ர குழு முன்னுக்கே வெளிக்கிட்டிட்டுது. நடக்கிறதுதானே? அதோட, அந்தக் கொம்பஸை வடிவாப் பாத்தால் உள்ளுக்கை அம்புக்குறி சரிஞ்சிருக்கிறது தெரியும். பாக்கிறவனுக்குத் தெரியும்.

அண்டைக்குக் காலமை அவனுக்குக் கொம்பஸ் தேவைப்படேல்லை. சனிக்கிழமை தொடங்கின கோடு பாதியில நிண்டது. தொடங்கின கோட்டுக்குப் பின்னால நட்ட தடியளைப் பாத்து நேர் பிடிச்சால் காணும். மத்தியானத்துக்குப் பிறகு ரெண்டு மணி போல, ஜில் எண்டவன் கோடாலியால தன்ர கெண்டைக்காலிலயே போட்டிட்டான். நல்ல ஆழம். அவை மூண்டு பேர், பனியில ஓடுற வண்டி ஒண்டுதான் நிண்டது, அதில ரெண்டு பேர்தான் இருக்கலாம். ஓட்டுறவன் ஜில்லை ஏத்திக்கொண்டு, குகனை "நில், திரும்பி வந்து ஏத்துறன்" எண்டு சொல்லிப் போட்டுப் போட்டான்.

வண்டி காட்டுப் பாதையால சுத்திப் பதினொரு கிலோமீற்றர் ஓடவேணும். நேர நடந்தால் நாலு. குகன் படத்தைப் பாத்திருக்கிறான். காம்ப் நேர் மேற்கு. அவன் காத்துக்கொண்டு நிக்கிற ஆளில்லை, அதோட கொம்பஸ்காரனாய் அவனுக்கு அது முதல் நாள். பனி மெல்லக் கொட்டத் தொடங்கிட்டுது, சூரியனும் இல்லை. இருநூற்றி எழுபதோட பதினெட்டைக் கூட்டி, இருநூற்றி எண்பத்தெட்டில வைச்சு நடக்கத் தொடங்கியிருக்கிறான்.

உங்களுக்கு இப்ப விளங்கியிருக்கும்.

றோட்டு தெற்கில இருந்து வந்து காம்போட முடியுது எண்டு சொன்னனான் எல்லோ. தெற்குப் பக்கம் பிழைச்சிருந்தால் றோட்டில ஏறியிருப்பான். அவன் பிழைச்சது வடக்குப் பக்கம். வடக்குப் பக்கம் ஒண்டுமில்லை, பிள்ளை. மரம். மரத்துக்கு அங்கால மரம்.

நாலரைக்கு நல்ல இருட்டு. வண்டிக்காரன் திரும்பிப் போய்ப் பாத்திட்டு ஆளில்லை எண்டு வந்தான். அடிச்சுவட்டைப் பனி மூடிட்டுதாம். மர்சேல் குசினி மேசையில படத்தை விரிச்சார். "அவன் கெட்டிக்காரன், கணக்குப் பிழைக்கமாட்டான், நேர்க்கோட்டிலதான் வருவான். எங்கயோ விழுந்து கிடக்கிறான்" எண்டு, படத்தில ஒரு நேர்க்கோடு அடிச்சு, அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆக்களை அனுப்பினார். நானும் போனனான். குழல் ஊதிக்கொண்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு. அவைக்கு அந்தப் பேர் வாயில வராது. "குகா, குகா" எண்டு ஏதோ குருவி கத்துற மாதிரி. மைனஸ் முப்பது. பத்து மணிக்கு மேல மர்சேல் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டிட்டார், இன்னும் ரெண்டு பேரைத் துலைக்க ஏலாது எண்டு.

விடியக்காலமை நான்தான் சொன்னனான். என்ர அரைகுறை இங்கிலிசில, படத்தில விரலை வைச்சு, "வடக்கால பாருங்கோ" எண்டு காட்டினன். நான் சொன்னபடியால்தான் போய்ப் பாத்தவை. நான் சொன்னபடியால்தான் பத்து மணிக்குக் கண்டுபிடிச்சவை. ஒரு ஊசியிலை மரத்தடியில, கொப்பு முறிச்சுப் போட்டு, அதுக்கை சுருண்டு கிடந்தான். உயிர் இருந்தது. அதை ஒருத்தரும் சொல்லுறேல்லை, தவம் சொல்லித்தான் ஆளைக் காப்பாத்தினது எண்டு. இடது காலில மூண்டு விரல் போட்டுது. பெருவிரல் தப்பிட்டுது.

அவனைச் சின்னப் பிளேனில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சினம். நாலாம் நாள் நான் லீவு எடுத்துக்கொண்டு பாக்கப் போனனான். எனக்கு முதலே மர்சேல் போய் வந்திருந்தார். கொம்பஸ் அவன்ர தலைமாட்டு மேசையில கிடந்தது. கால் ரெண்டும் துணியால சுத்தி, தலகணி மாதிரிக் கிடக்கு. என்னைக் கண்டதும் ஒண்டே ஒண்டுதான் கேட்டவன்.

"நீங்களோ அண்ணை திருகினது?"

"ஓம் குகன், உன்ர நல்லதுக்குத்தான்" எண்டு சொன்னன். பிறகு அவனுக்கு விளங்கப்படுத்தினன். பொறுமையா, அரைமணித்தியாலம். சாப்பாட்டுத் தட்டோட வந்த கடதாசியைத் திருப்பிப் போட்டு, பூமியைக் கீறி, அச்சைக் கீறி, உண்மை வடக்கு இது, காந்த வடக்கு இது, நீ கூட்டாமல் விட்டிருந்தால் நேர காம்புக்கு வந்திருப்பாய் எண்டு காட்டினன். அவன் கடதாசியைப் பாக்கேல்லை. என்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தான், நான் இன்னும் ஏதோ சொல்லுவன் எண்டு காத்திருக்கிற மாதிரி. நான் முடிச்ச பிறகும் பாத்தான். பேந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டான்.

அண்டையோட சரி. ஆஸ்பத்திரியால நேர ரொறன்ரோவுக்குப் போட்டான். கலியாணம் கட்டினான், எனக்குச் சொல்லேல்லை. மீன்கடை போட்டான், ஆரோ சொல்லித்தான் தெரியும். எங்கட மெத்தையில வேற ஒருத்தன் வந்து படுத்தான்.

அவனுக்கு விளங்கேல்லை எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். பாகைக் கணக்கு விளங்கேல்லை, அதுதான் கோபம் எண்டு.

என்ர மனிசியும் அப்பிடித்தான், நல்லது செய்தால் விளங்காது. மலருக்குக் கார் ஓடிப் பழக ஆசை. ஆறு மாதம் பழகினவ. சோதினைக்கு நாள் குறிச்சாச்சு. எனக்குத் தெரியும், அவவுக்கு இன்னும் காணாது, பின்னுக்கு எடுக்கேக்கை தடுமாறுவா. போய்த் தவறினால் மனம் உடைஞ்சு போவா. அதால நான் போன் எடுத்துச் சோதினையை ரெண்டு மாதம் தள்ளி வைச்சிட்டன். சொல்லத்தான் இருந்தனான். அவ விடியவே வெளிக்கிட்டு, புதுச் சாறி கட்டி, கோயிலுக்கும் போட்டு, அங்க போய் வரிசையில நிண்டிருக்கிறா. உங்கட பேர் இல்லை எண்டு சொல்லிப் போட்டினம். இப்ப ஒட்டாவாவில தங்கச்சியோட இருக்கிறா. ஏழு வருசம். கோபமெண்டு இல்லை, மொன்றியல் குளிர் அவவுக்கு ஒத்துக்கொள்ளேல்லை.

என்ன சிரிக்கிறியள்? ஓம், ஒட்டாவாவும் குளிர்தான்.

சரி. இப்ப ஏன் போனனான் எண்டு கேப்பியள். பென்சன் எடுத்த பிறகு வீட்டில ஒரு வேலையும் இல்லை. சில நாள் வாயே திறக்கிறேல்லை, பிள்ளை. கடைக்காரப் பெட்டை "பை வேணுமோ" எண்டு கேட்டால், "வேண்டாம்" எண்டு சொல்ல வெளிக்கிட்டால் தொண்டை அடைச்சிருக்கும், செருமித்தான் சொல்லவேணும். அப்பிடி ஒரு நாள் கொம்பியூட்டரில அந்தக் காடு இருக்கிற இடத்தைத் தேடிப் பாத்தன். அங்க இப்ப பதினெட்டுப் பாகை இல்லையாம். காந்த வடக்கு வருசா வருசம் நகருறது, அது எனக்கு முதலே தெரியும், ஆனால் இவ்வளவு குறைஞ்சிருக்கும் எண்டு நினைக்கேல்லை. எனக்கு ஒரு சந்தோசம். ஆரிட்டச் சொல்லுறது? இது விளங்கிற ஆள் உலகத்தில ஒருத்தன்தான். அச்சடிச்சு எடுத்துக்கொண்டு பஸ் ஏறிட்டன்.

நேற்றுக் காலமை பதினொரு மணிக்குக் கடைக்குப் போனன். நல்ல பெரிய கடை. அவன் கண்ணாடிக்கு அங்கால நிண்டு பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் கத்தியை வைச்சான். கையைக் கழுவினான். நடந்து வரேக்கை ஒரு பக்கம் சாய்ஞ்சு சாய்ஞ்சு, வள்ளத்தில நடக்கிற மாதிரி வந்தான். "இருங்கோ அண்ணை" எண்டு கதிரை போட்டான். மனிசியைக் கூப்பிட்டு "இவர்தான் தவம் அண்ணை" எண்டான். அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சா. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

நான் கடதாசியை எடுத்து, கதிரை நுனியில இருந்து, முதலில இருந்து விளங்கப்படுத்தத் தொடங்கினன். அவன் கையைக் காட்டி நிப்பாட்டினான்.

"அண்ணை, எனக்கு அண்டைக்கே விளங்கினது. மர்சேல் கொம்பஸைக் காட்டின உடன விளங்கிட்டுது."

"பிறகேன் கோபம்?"

அவன் தன்ர தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிச்சான். "அந்த மரத்துக்குக் கீழ நான் என்ன செய்துகொண்டிருந்தனான் தெரியுமே? கூட்டிக்கொண்டிருந்தனான். இருநூற்றி எழுபதும் பதினெட்டும். இருநூற்றி எண்பத்தெட்டு. திருப்பியும் கூட்டுவன். திருப்பியும் அதுதான் வரும். பிறகு, எனக்குக் கூட்டத் தெரியாது, அஞ்சாம் வகுப்புத்தானே, என்னை நம்பிக் கொம்பஸைத் தந்திட்டாங்களே எண்டு அழுதனான். குளிரில அழுதால் இமை ஒட்டிப் போகும் அண்ணை. கொம்பஸைப் பாத்த பிறகுதான் நான் விசரன் இல்லை எண்டு எனக்கே தெரிஞ்சது."

நான் கடதாசியை மடிச்சுப் பொக்கற்றுக்கை வைச்சன்.

"திருகினதுக்கு எனக்குக் கோபமில்லை. அது உங்கட பழக்கம். ஆனால் மர்சேல் இன்னொண்டும் சொன்னவர். காலமை வடக்கால பாக்கச் சொன்னது நீங்களாம். காலமை தெரிஞ்சது உங்களுக்குப் பின்னேரம் ஏன் தெரியேல்லை? ஆஸ்பத்திரியில நீங்கள் அதைச் சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் பூமி கீறிக் காட்டினியள்."

கடைக்குள்ள ஆக்கள் வந்து போகினம். அவன்ர மனிசி தராசடியில நிண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறா. நான் சொன்னன், "மறந்து போனன் குகன். அந்தப் பதட்டத்தில திருகினதே நினைவில்லை. விடியத்தான் நினைவு வந்தது."

"சரி அண்ணை" எண்டான். அவ்வளவுதான். எழும்பிப் போய்க் கத்தியை எடுத்தான். நான் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சு, காசுப்பெட்டிக்குப் பக்கத்தில கிடந்த கடைக் காட் ஒண்டை எடுத்துக்கொண்டு வந்திட்டன். ராத்திரி ஒரு தெரிஞ்ச ஆள் வீட்டில படுத்தன். கண் மூடேல்லை.

ஏன் யன்னலுக்கு வெளியால பாக்கிறியள், பிள்ளை? தீர்ப்புச் சொல்லச் சொன்னனான் எல்லோ.

சரி. நான் முன்னுக்குச் சொன்னதில ஒண்டு முழு உண்மையில்லை. விடிய அவையின்ர குழு வெளிக்கிட்டிட்டுது எண்டு சொன்னனான். வெளிக்கிடேக்கை நான் கதவடியில நிண்டனான். குகன் குந்தியிருந்து பனிச்சப்பாத்தின்ர வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் சொல்ல வாய் திறக்க, அவன் அண்ணாந்து பாத்துச் சிரிச்சுக்கொண்டு, "படிச்ச ஆக்கள் தடி சீவுங்கோ அண்ணை, நாங்கள் போய் வழி பிடிக்கிறம்" எண்டான். பகிடிக்குத்தான். அவன் எல்லாருக்கும் பகிடி விடுறவன். எனக்கு வாய் மூடிட்டுது. பின்னேரம் வந்து கணக்குப் பிழைச்சு நிக்கட்டும், அப்ப தெரியும் படிப்பு எண்டால் என்னெண்டு. அப்பிடி நினைச்சனான். நினைச்சது அவ்வளவுதான். அவன் தனிய நடப்பான் எண்டு எனக்கென்ன தெரியும்?

பின்னேரம் மர்சேல் படத்தில அந்த நேர்க்கோட்டை அடிச்சார் பாருங்கோ, அப்ப எனக்குத் தெரியும். அவன் அதில இல்லை எண்டு தெரியும். எங்க நிப்பான் எண்டு விரல் வைச்சுக் காட்டியிருப்பன். அந்த நேரம் பாத்து மர்சேல் ரேடியோவில பொலிசோட கதைச்சார். எனக்கு அகதி வழக்கு மாசி மாதம். பொலிஸ் வந்து, ஆர் கொம்பஸைத் தொட்டது எண்டு கேட்டு, என்ர பேரை எழுதினால்? திருப்பி அனுப்பினால்? கொஞ்சம் பொறுத்துப் பாப்பம், இந்தா வந்திடுவான் எண்டு நினைச்சன். அரைமணித்தியாலம் போச்சு. அப்ப சொன்னால், ஏன் முன்னமே சொல்லேல்லை எண்டு கேப்பினம். இன்னும் அரைமணித்தியாலம். போகப் போகச் சொல்லேலாமல் போச்சு. அவன் இல்லாத பக்கத்தில நிண்டு அவன்ர பேரைச் சொல்லிக் கத்தினனான், பிள்ளை. தொண்டை கிழியக் கத்தினனான். எல்லாரிலும் பலமாய்க் கத்தினது நான்தான் எண்டு மர்சேல் முதுகில தட்டினவர்.

இதை மலருக்கும் சொன்னதில்லை. உங்களுக்கு ஏன் சொல்லுறன் எண்டு தெரியேல்லை. நீங்கள் இறங்கிப் போடுவியள், அதுதானாக்கும்.

இது குகன்ர கடைக் காட், கொஞ்சம் இதில உள்ள இலக்கத்தை வாசியுங்கோ. கண்ணாடி கையோட இல்லை. அழுத்திறன், சொல்லுங்கோ. ம். ம். கடைசி நாலும் என்ன? சரி. போகுது.

ஹலோ. குகனோ? நான் தவம். ஓம், பஸ்ஸிலதான். கிங்ஸ்ரன் தாண்டிட்டுது. இல்லையில்லை, கடையில ஒண்டையும் மறந்து விட்டிட்டு வரேல்லை. மறக்கேல்லை. குகன், கொஞ்சம் கேள். நான் மறக்கேல்லை. நேற்று உனக்குச் சொன்னது பொய். மர்சேல் படத்தை விரிச்சபோதே எனக்குத் தெரியும், நீ வடக்காலதான் நிப்பாய் எண்டு. பயத்தில வாயைத் திறக்கேல்லை. காலமை கதவடியிலயும் தெரியும். அது பயமில்லை, எரிச்சல். ரெண்டுதரம் சொல்லியிருக்கலாம், ரெண்டுதரமும் சொல்லேல்லை. உன்ர கணக்கு ஒருநாளும் பிழைக்கேல்லை, குகன்.

ஹலோ?

ஒண்டும் சொல்லுறானில்லை, பிள்ளை. இல்லை, லைன் இருக்கு. பின்னால கடைச் சத்தம் கேக்குது. ஆரோ விளைமீன் வந்திட்டுதோ எண்டு கேக்கினம். அவன் அதுக்கும் மறுமொழி சொல்லேல்லை. மூச்சு விடுறது கேக்குது.

வைக்கேல்லை. இன்னும் வைக்கேல்லை.